சேலத்திலிருந்தே நடிக்கலாமா, சென்னையில் ரூம் எடுக்கணுமா?

நடிப்பில் இறங்கும் சேலத்துக்காரர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. ஊரிலேயே இருந்து போய்வருவது என்று முடிவெடுத்தவன் நான். அதனால் என் ஓட்டு சேலத்துக்குத்தான்.

சென்னையின் வசதி தெரிந்ததுதான். வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருந்தால் ஆட்கள் பழக்கமாவார்கள். கூத்துப்பட்டறை நாடகக் குழு மாதிரி இடங்களில் பயிற்சி எடுக்கலாம். கூப்பிட்டதும் போய் நிற்கலாம். சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ ஓடிய காலத்தில் சினிமாக்காரர்கள் இங்கே வந்து தங்கினார்கள். இன்று அந்த முகப்பு வளைவுதான் மிச்சம்.

ஆனாலும் முடிவைத் தீர்மானிப்பது மாத வாடகை. சின்ன வேஷத்துக்கு அன்றைய பேட்டா கிடைத்தாலும் பேசிய சம்பளம் கைக்கு வர மாதக்கணக்காகும். வீட்டு ஓனர் ஐந்தாம் தேதியே கேட்பார். வாடகை, சாப்பாடு, பெட்ரோல் என்று நெருக்கும்போது, கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டாலும் போகத்தான் தோன்றும். நாலு தடவை போனால், ஷூட்டிங்குக்கு ஆள் சேர்க்கும் கோ-ஆர்டினேட்டர் உங்கள் பெயரை அந்த லிஸ்டிலேயே வைத்துவிடுவார். வசனம் உள்ள வேஷத்துக்கு ஆடிஷன் வரும் நாளில் நீங்கள் எங்கோ வெயிலில் நின்றுகொண்டிருப்பீர்கள். நன்றாக நடிக்கிற நண்பர்களே வாடகை கட்ட முடியாமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள். வீட்டுச் சோறும் ஒரு வேலையும் இருந்தால் வேண்டாத வேஷத்தை வேண்டாம் என்று சொல்லலாம், வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் திடீரென்று கேட்டாலும் லீவு கிடைக்கிற வேலையாகப் பார்த்துச் சேருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

முதல் சுற்றுக்கு இப்போது பலர் வீடியோதான் கேட்கிறார்கள். வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம், எதிர்வசனம் சொல்ல போனுக்குப் பக்கத்திலேயே ஒருவர்: இது போதும். எங்கள் தெருவில் தறிச் சத்தம்தான் தொல்லை. மெயின்டனன்ஸுக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் தறியெல்லாம் ஓய்ந்துவிடும்; அன்றைக்கு எடுத்தால் மூச்சுச் சத்தம்கூடத் தெளிவாகப் பதியும். நேரில் கூப்பிட்டால் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி விடிவதற்குள் சென்ட்ரலில் இறங்கலாம். ஆடிஷனுக்கோ போட்டோ ஷூட்டுக்கோ பணம் கட்டச் சொன்னால் டிக்கெட்டே போடாதீர்கள்.

ஊரில் பயிற்சிக்கு வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிறது. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கூட்டத்தைத் தூங்கவிடாமல் பிடித்து வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள்; குரலை எப்படி ஆளுவது என்று புரியும்.

சீரியல் பக்கம் எனக்கு அனுபவம் கம்மி. பார்த்த அளவில், மாதாமாதம் தொடர்ந்து தேதி கேட்பார்கள். அதற்குச் சென்னைவாசம்தான் சரிவரும். டப்பிங்கை நம்பி இறங்குபவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அப்படிப் போவதானால் ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ரூம் பாருங்கள்.