விமானத்தில் அழுக்கு மேஸ் மணம் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள்

போன மாதக் கடைசி வெள்ளி மாலை, அம்மாவோடு சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்தேன். எஞ்சினை இயக்கியதுமே தலைக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்தால் ஒரு மணம் வந்தது. மழையில் நனைந்த மேஸை இரண்டு நாள் சப்பாத்துக்குள்ளேயே விட்டால் வருமே, அந்த நாற்றம். அதோடு கருகிய எண்ணெய் வாடையும். உயரே போனதும் குறைந்தது, இறங்கத் தொடங்கியதும் திரும்ப வந்தது. அம்மாவுக்குத் தொய்வு வேறு. லேஞ்சியில் சித்தாலேப தடவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, கண் எரியுது, தொண்டையெல்லாம் கரகரக்குது" என்றார். எனக்குத் தாங்க முடியாத தலையிடி.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏசி ஸ்மெல்தான் மேடம், இப்போ போயிடும்" என்றார். எழுதி வையுங்கள் என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முறைப்பாடு அனுப்பி இரண்டு கிழமை கழித்துத்தான் பதில் வந்தது. அன்றைய பயணத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லையாம். விமானத்தில் ஹெப்பா வடிகட்டி இருப்பதால் பயப்பட வேண்டாமாம். அடுத்த டிக்கெட்டில் கொஞ்சம் விலைக்கழிவு தருவார்களாம்.

வடிகட்டி என்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹெப்பா வடிகட்டி, உள்ளே சுற்றிவரும் காற்றிலுள்ள தூசியையும் கிருமியையும் பிடிக்கும். வாயுவையும் ஆவியையும் அது பிடிக்காது. பெரும்பாலான ஜெட் விமானங்களில் நாம் சுவாசிக்கும் வெளிக்காற்று எஞ்சினின் அமுக்கிப் பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அங்குள்ள சீல் சரியில்லாமல் எண்ணெய் கசிந்தால், அந்தச் சூட்டில் ஆவியாகி நேரே உள்ளே வரும். தேய்மானத்தைக் குறைக்க அந்த எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற்று சேர்க்கிறார்கள். அதன் சில வகைகள் நரம்பைத் தாக்கும் நஞ்சு. போயிங் 787 விமானத்தில் மட்டும் எஞ்சினிலிருந்து காற்று எடுக்காமல், தனி மின் அமுக்கிகளை வைத்திருக்கிறார்கள். ஆகவே வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவுஸ்திரேலியாவில் 1992 இல் பறக்கும்போது புகையைச் சுவாசித்த ஒரு பணிப்பெண் நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு, 2010 இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அவ்வளவு காலம் அலைந்திருக்கிறார்.

நான் விட்ட பிழையைச் சொல்கிறேன், நீங்கள் விடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று வான் வண்டியில் ஏறி, தம்புள்ளை, ஹபரணை தாண்டித் திருகோணமலைக்கே வந்துவிட்டேன். அடுத்த நாள் டொக்டர், "நேற்றே வந்திருந்தா இரத்தத்தில காபனோரொட்சைட்டு இருந்ததா எண்டு பார்த்திருக்கலாம் தங்கச்சி" என்றார். எண்ணெய் கருகினால் வரக்கூடிய நச்சு வாயு அது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சுவாசிக்க, நாலைந்து மணித்தியாலத்தில் இரத்தத்தில் அது பாதியாகிவிடுமாம். நம் ஊர்க்காரருக்கு வீடு வந்து சேரவே அதைவிடக் கூட நேரம் எடுக்கும். அதனால் உடம்பு சரியில்லை என்றால் விமான நிலைய மருத்துவரிடமோ நீர்கொழும்பில் ஏதாவதோர் ஆஸ்பத்திரியிலோ முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். இறங்குவதற்கு முன்பே, விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுதச் சொல்லித் தலைமைப் பணியாளரிடம் கேளுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். வால்பக்கம் எழுதியிருக்கும் பதிவெண்ணையும் ஒரு படம் எடுங்கள்.

கழிவை நான் வாங்கவில்லை. அம்மாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை. எங்களுக்குப் பின்வரிசையில் உப்புவெளிக் குடும்பம் ஒன்று வந்தது, அவர்களுடைய சின்ன மகன் இறங்கும்போது சத்தி எடுத்தான். இதைப் பார்த்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இரண்டாவது முறைப்பாட்டில் உங்கள் சாட்சியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.