ஒரு லீஜியன் போதுமா? கும்பகோணத்தில் ஆடிய பலகை விளையாட்டு

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகே, மாடியறை ஒன்றில், பலகை விளையாட்டுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சிறு கடை இருக்கிறது. கடைக்காரர் தாமே வரைந்து, அட்டையில் ஒட்டி, விதிகளைத் தமிழில் எழுதிவைத்திருக்கும் விளையாட்டை என் மைத்துனரும் நானும் சென்ற ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஆடினோம். ரோமர்கள் அயர்லாந்தின்மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே அதன் கரு.

இது வெறுங்கையால் முழம் போட்ட கற்பனையன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பிரிட்டனின் ரோமானிய ஆளுநராக இருந்த அக்ரிகோலா, உள்நாட்டுப் பூசலால் துரத்தப்பட்ட அயர்லாந்துக் குறுநில மன்னன் ஒருவனை நட்பின் பெயரால் தம்மிடம் வைத்திருந்தார் என்றும், ஒரு லீஜியனும் (ரோமானியப் பெரும் படைப்பிரிவு) சிறிது துணைப்படையும் இருந்தால் அத்தீவைப் பிடித்து ஆளலாம் என்று அவர் அடிக்கடி சொல்லக் கேட்டதாகவும் அவருடைய மருமகனான வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். மெய்யான வரலாற்றில் அக்ரிகோலா வடக்கே கலிடோனியாவுக்குள், அதாவது இன்றைய ஸ்காட்லாந்துக்குள், போனார். இங்கே மேற்கே கடல் கடக்கிறார்.

ரோமர் தரப்பை நான் எடுத்தேன். ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட லீஜியனுக்கு ஐந்து காய்கள். குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டரே அகலமுள்ள நீரிணையைக் கடந்து, முதல் மணி நேரத்திலேயே இரண்டு போர்களை வென்றுவிட்டேன். தொல்லை அதன்பிறகே தொடங்கியது. பிடிப்பதற்கு நகரமில்லை, வரியாகப் பெற நாணயமில்லை, செல்வமெல்லாம் மாடுகள். ஒரு குறுநில மன்னனைப் பணியவைத்தால் பக்கத்தில் இன்னொருவன் நிமிர்கிறான். மைத்துனரோ மாட்டுக் காய்களைச் சதுப்பு வழியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என் படையால் பின்தொடர முடியவில்லை. மட்கிய பாசி ஆழமாகப் படிந்த அந்த நிலம் நம் வயல் சேறு போன்றதன்று என்றாலும், ஐப்பசி அடைமழையில் மாட்டுவண்டியின் அச்சுவரை புதையக் கண்ட டெல்டாக்காரருக்கு அந்த விதியை விளக்கத் தேவையில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது டான்யூப் சீட்டு. அது வந்தால் ரோமர் தரப்பு இரண்டு காய்களை எடுத்துவிட வேண்டும். அக்ரிகோலாவின் காலத்துக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து ஒரு லீஜியன் உண்மையிலேயே ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றையொட்டிய ரோமானிய எல்லைக்கு மாற்றப்பட்டது. ஆகவே அயர்லாந்தை வெல்ல முடியுமா என்பதைவிட, அதற்காக ரோம் எவ்வளவு காலம் படையை ஒதுக்கும் என்பதே இவ்விளையாட்டில் பெரிய கேள்வியாகிறது. படையெடுக்காமல் கிழக்குக் கரையில் வணிகம் மட்டும் செய்யவும் விதி இடம் தருகிறது. அந்த வழியில் புள்ளிகள் மெதுவாகச் சேர்ந்தாலும் இழப்பில்லை. நம் பூம்புகாரிலும் யவனர்கள் வணிகராகத்தான் குடியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. சதுப்பின் மேல் சாலை போட மேட்டுநிலத்துக்கான செலவே ஆகிறது. இது ரோமருக்குக் காட்டும் சலுகை. வரைபடத்தில் டப்ளின் இருக்கிறது. அந்நகரம் 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் அமைத்த குடியிருப்பிலிருந்து வளர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் ‘கபேரிஸ்’ என்று குறித்த பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி, அயர்லாந்தின் ஆறுகளுக்கும் குடிகளுக்கும் பெயர் தந்திருக்கிறாரே, அவற்றை எடுத்திருக்கலாம். காய்கள் மெல்லிய அட்டையாதலால் மின்விசிறியைப் போட்டால் லீஜியன் மேசைக்குக் கீழே போய்விடுகிறது. விசிறியை நிறுத்தினால் வியர்வை.

வாடகை மணிக்கு 60 ரூபாய், காபி தனி. மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். மைத்துனர் வரும் ஞாயிறுக்கும் ஐரிஷ் தரப்பையே கேட்டிருக்கிறார், நான் சம்மதிக்கவில்லை.