‘தன்னானே’வை ஒழுங்காகச் சொல்ல வைத்த வகுப்பு

நாட்டுப்புறப் பாடல் பயிற்சி, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், கட்டணம் 1,200 ரூபாய். நிறையப் பாட்டுகள் கிடைக்கும் என்று நினைத்துச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு பாட்டும் இல்லை. மூன்று மணி நேரமும் ‘தந்தனத்தோம்’ மட்டுமே. வில்லுப்பாட்டைத் தொடங்கிவைக்கும் அந்த ஒரு சொல்லை ஆசிரியை அம்மா அணு அணுவாகப் பிரித்துக் காட்டினார். ‘தந்’ என்னும்போது நாக்கு நுனி பல்லில் நிற்கிறது; ‘ன’வுக்கு மேலண்ணத்துக்கு ஏறுகிறது; ‘த்தோ’வுக்கு மறுபடி பல்லுக்கு இறங்குகிறது; ‘ம்’மில் உதடு மூடுகிறது. நாங்கள் பலரும் நாக்கைப் பல்லைவிட்டு எடுக்காமலே பாடிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவர் முன்னும் வந்து நின்று, வாயைப் பார்த்துத் திருத்தினார்.

நடவுப் பாட்டின் ‘தன்னானே’வுக்கும் அதே கண்டிப்பு. “அந்த ‘ன்’ மேல நின்னுட்டுப் போங்க” என்பார். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். அதை விழுங்கினால் பின்பாட்டுக் கூட்டமே தாளத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது என்பதை அன்றுதான் காதால் கேட்டேன். இவற்றைப் பொருளற்ற சொற்கள் என்று யாராவது ஒதுக்கினால் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர்கள் ‘தன்னானே’ பாடும் நேரத்தில்தானே முன்பாட்டுக்காரி மூச்சு வாங்கி அடுத்த வரியைக் கட்டுகிறாள்!

அதனால்தான் அவர்கள் கொடுத்த பாட்டுப் புத்தகத்தின் மேல் எனக்கு வருத்தம். இரண்டு இடங்களில் ‘தனானே’ என்று அச்சாகியிருக்கிறது. மற்ற பக்கங்களில் ‘தன்னானே... (2)’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். வகுப்பில் அத்தனை பாடுபட்டுக் கற்றது தாளில் இல்லை. வீட்டில் புத்தகத்தைப் பார்த்துப் பழகுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

‘ஏலேலோ ஐலசா’வுக்குக் கையில் கயிற்றைக் கொடுத்தே பாட வைத்தார்கள். ‘ஐல’வில் மூச்சைச் சேர்த்து, ‘சா’வில் இழுக்க வேண்டும். உடம்பே தாளத்தைப் பிடித்துக்கொண்டது.

தாலாட்டுக்குக் கடைசி நாளில் இருபது நிமிடங்கள்தான் மிஞ்சின. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதையே பெயராகக் கொண்ட பாட்டுக்கு இவ்வளவுதானா நேரம்? ‘ஆராரோ ஆரிரரோ’வில் ரகரத்தை அழுத்தாமல் நாக்கால் தொட்டுவிட்டு விடுவதை ஆசிரியை இரண்டு முறை பாடிக் காட்டினார். அதற்குள் அரங்கைப் பூட்ட ஆள் வந்துவிட்டார்.

அடுத்த முறை தாலாட்டுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்கினால், அக்காவையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் பணம் கட்டிச் சேருவேன்.