லாரி கேபின் கதவு பெல்ட்: இரண்டு வருடம் மாட்டிக் கழற்றிய பிறகு

கேபினில் படுக்கும்போது இரண்டு கதவுகளையும் உள்ளிருந்து ஒன்றோடொன்று சேர்த்து இழுத்துக் கட்டும் பெல்ட் இது. "வாங்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். பெல்ட் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். கதவின் பூட்டை நெம்பியோ கள்ளச்சாவி போட்டோ திறந்தாலும் கதவு விரியாது. அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. என் கோபம் வேறு இடத்தில். பெட்டியின் மேல் போட்டிருக்கும் படத்தில் பெல்ட் நேர்கோடாக, விறைப்பாக நிற்கும். கேபினில் அப்படி நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்று விற்பவர் யாரும் சொல்வதும் இல்லை.

கணக்கு எளிது. ஒரு கதவின் உள் கைப்பிடியிலிருந்து மறு கதவின் கைப்பிடி வரை ஏறக்குறைய 2 மீட்டர் பெல்ட் ஓடுகிறது என்று வையுங்கள். வெளியே ஒருவன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுக்கும்போது பெல்ட் ஒரு சதவீதம் நீண்டாலே 2 செ.மீ. தளர்வு. கைப்பிடி கீலிலிருந்து 60 செ.மீ. தள்ளியும், கதவின் பின் ஓரம் 90 செ.மீ. தள்ளியும் இருந்தால் அந்த 2 செ.மீ. ஓரத்தில் 3 செ.மீ. இடைவெளியாகிவிடும். மறுபக்கக் கதவு மூடியே இருப்பதால் தளர்வு முழுவதும் இழுபடும் கதவுக்கே போய்ச் சேரும். 3 செ.மீ. சந்தில் ஆள் நுழைய முடியாதுதான். ஆனால் கொக்கிக் கம்பியும் கத்தியும் நுழைந்துவிடும். அதனால் கதவில் கட்டுவதற்கு இரண்டு இடம் இருந்தால் கீலிலிருந்து எட்டி இருப்பதையே எடுங்கள். 60 செ.மீ.க்குப் பதில் 80-ல் கட்டினால் அதே தளர்வுக்கு இடைவெளி இரண்டேகால் செ.மீ.யாகக் குறையும்.

கட்டுகிற இடம் தூரத்தில் இருந்தால் மட்டும் போதாது, உறுதியாகவும் இருக்க வேண்டும். கதவின் உட்தகட்டோடு போல்ட் போட்ட கைப்பிடிக்கும், பிளாஸ்டிக் அலங்காரத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூவில் தொங்கும் கைப்பிடிக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. கைப்பிடியின் மூடியை நெம்பி எடுத்து உள்ளே பாருங்கள். போல்ட் தலை இரும்புத் தகட்டில் அமர்ந்திருந்தால் சரி. பிளாஸ்டிக்கில் அமர்ந்திருந்தால் பெல்ட் தாங்கும், கைப்பிடி கழன்றுவரும். கைவைக்கும் பலகையில் கட்டுவது வீண்.

துணியையும் பாருங்கள். சரக்குக் கட்டும் பெல்ட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 12195-2. அதன்படி பெல்ட்டில் தைத்த அடையாளச் சீட்டின் நிறமே பொருளைச் சொல்லிவிடும்: நீலம் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிபுரோப்பிலீன். இந்த வேலைக்கு நீலச் சீட்டுதான். இரவெல்லாம் மூச்சுக்காற்று கண்ணாடியில் வியர்த்து வழியும் கேபினில் நைலான் ஈரத்தைக் குடித்து மேலும் நீளும். பாலியெஸ்டரும் நீளாமல் இருக்காது. அந்தத் தரமே முழு லாஷிங் விசையில் (பெல்ட் தாங்கலாம் என்று குறித்த உச்ச இழுவிசை) 7 சதவீதம் வரை நீட்சியை அனுமதிக்கிறது. கதவு பெல்ட் என்று தனியாக விற்பவற்றில் பலவற்றுக்குச் சீட்டே கிடையாது. சீட்டு இல்லாததை வாங்காதீர்கள்.

அடுத்தது பக்கிள், அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு. பல்சக்கரத்தால் சுற்றி இறுக்கும் ராட்செட்டா, பல்லால் கடித்துப் பிடிக்கும் கேமா? ராட்செட் போட்டால் தளர்வு மறையும். நான்கைந்து முறை அதன் கைப்பிடியை ஆட்டினால் பெல்ட் கம்பிபோல் நிற்கும். ஆனால் அதைக் கழற்ற விரல் நெம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை முழுவதும் மல்லாத்தி, பிறகு பெல்ட்டை உருவ வேண்டும். பாதித் தூக்கத்தில், இருட்டில், வியர்த்த விரலோடு இரண்டு கையும் வேண்டியிருக்கும் வேலை இது. அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் பல் சிக்கிக்கொண்டு நெம்பே அசையாது. பிளாஸ்டிக்கில் அமர்ந்த கதவுக் கைப்பிடியை ராட்செட் இரவோடிரவாகப் பெயர்த்தும் விடும். கேம் பக்கிள் அப்படியில்லை. கட்டைவிரலால் ஒரு அழுத்து, விட்டுவிடும். ஆனால் கையால் இழுத்த அளவுக்குத்தான் இறுக்கம்.

நான் கேம் பக்கிள் பக்கம். அதிலும் வழுக்கல் ஒரு தொல்லை. பெல்ட் பக்கிளின் வாய்க்குள் கோணலாக நுழைந்தால் பல் ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும், மறு ஓரம் மெல்ல நழுவும். கிரீஸ் பட்ட கையால் பிடித்த இடமும் நழுவும். நழுவலா நீட்சியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இழுத்துக் கட்டியதும் பக்கிள் வாயை ஒட்டிப் பெல்ட்டின் குறுக்கே பேனாவால் கோடு போடுங்கள். காலையில் கோடு பக்கிளை விட்டு விலகியிருந்தால் நழுவியிருக்கிறது. பல்லில் அடைந்த தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கோடு அங்கேயே இருந்தும் பெல்ட் தொளதொளத்தால் துணி நீண்டிருக்கிறது, அல்லது கைப்பிடி வளைந்திருக்கிறது. ஒரே கோட்டில் பல மி.மீ. நழுவல் தினமும் தெரிந்தால் அந்த பக்கிளை நம்ப வேண்டாம்.

இதற்கு ஏன் தனியாகச் செலவு, சீட் பெல்ட்டையே கதவுக் கைப்பிடிக்குள் விட்டு மாட்டிக்கொள்ளலாமே என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சீட் பெல்ட் சுருள் வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டும். மெதுவாக இழுத்தால் தாராளமாக நீண்டுகொடுக்கும், அதற்காகத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். திருட வருபவன் கதவை மெதுவாகத்தான் திறப்பான். சுருள் வாயருகே பெல்ட்டை ஒரு பலமான கிளிப்பால் பிடித்துவைத்தால் ஓரளவு பயன்படும். வேறு எதுவும் கையில் இல்லாத இரவுக்கு அது போதும்.

இனி என் முக்கியமான குறை. பெரும்பாலான கேபின்களில் கதவுக் கைப்பிடிகள் சீட்டின் முதுகுக்கு முன்னால் இருக்கின்றன. ஆக, பெல்ட் டிரைவர் உட்காரும் இடத்துக்குக் குறுக்கே, மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஓடுகிறது. தற்காப்பு என்று எது பேசினாலும் லாரிக்காரனுக்கு முதல் தற்காப்பு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான். அந்தக் கிளம்பலுக்கே இந்தப் பெல்ட் வழியை மறிக்கிறது. கழற்றினால் கதவுக்குக் காவல் போச்சு, கழற்றாவிட்டால் ஸ்டீயரிங்கில் கை திரும்பாது. வடிவமைத்தவர் ஒரு இரவாவது பின் படுக்கையிலிருந்து எழுந்து சீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டார்.

வரிசையை மனப்பாடம் செய்துகொள்வதுதான் இதற்கு வழி. படுக்கும் முன்பே கியர் நியூட்ரல், பார்க்கிங் பிரேக் போட்டது உறுதி, சாவி எட்டும் இடத்தில். பக்கிள் கேபினின் நடுவில், படுக்கையிலிருந்து கை நீட்டினால் படும் இடத்தில் இருக்கட்டும். ஓரத்தில் விட்டால் உடைந்த கண்ணாடி வழியே வெளிக்கை அதைத் தொட்டுவிடும். சத்தம் கேட்டதும் முதலில் ஹாரன், நீளமாக. பெல்ட்டைத் தொடாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள். பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரைப் பாருங்கள். ஏர் போதுமென்றால் மட்டும் சீட்டில் உட்கார்ந்து கடைசியாகக் கேமை அழுத்தி, பெல்ட்டைக் காலடியில் விழவிடாமல் பக்கத்து சீட்டில் எறிந்துவிட்டு வண்டியை எடுங்கள். பெல்ட்டின் மிச்ச வால் 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் வெட்டி, நுனியைத் தீயில் உருக்கிவிடுங்கள். நீண்ட வால் பெடலில் சுற்றினால் திருடனைவிட அதுவே ஆபத்து.

ஏர் மீட்டர் என்று சொன்னேன். பெல்ட் வாங்கும் முன் இதைச் சரிபார்க்கச் சொல்வேன். ஏர் பிரேக் வண்டியில் ஏர் இறங்கிப்போனால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பிரேக் விடாது. காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 பார் அருகே வந்தால் குறைந்த ஏர் எச்சரிக்கை கத்தும். அந்த நிலையில் கிளம்ப நினைப்பது வீண். கசிவுச் சோதனையில் டிரைலர் இல்லாத தனி வண்டிக்கு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ வரை இறங்கலாம் என்று ஏற்றுக்கொள்ளும் விதிகள் உண்டு. அந்த அளவிலேயே கசிந்தால் 120-ல் நிறுத்திய வண்டி அரை மணியில் 60-க்கு வந்துவிடும். சோதனையில் தேறிய வண்டிதான், ஆனால் நள்ளிரவில் நகராது. எஞ்சினை ஓடவிட்டால் 85-லிருந்து 100 பிஎஸ்ஐ ஏற முக்கால் நிமிடம் ஆகலாம். காலியான ஏர் டேங்க் என்றால் பல நிமிடம். பெல்ட் வாங்கித்தரும் நேரம் அவ்வளவு இருக்காது.

ஆகவே படுக்கும்போது மீட்டரில் எவ்வளவு, எழும்போது எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். இரவில் பாதிக்கு மேல் இறங்கினால் எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியில் காது கொடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். டிரைலர் ஏர் குழாய் இணைப்பின் ரப்பர் வாஷர், டேங்க் அடியிலுள்ள ட்ரெயின் வால்வு, பிரேக் சேம்பர் பிடிப்பு, இந்த மூன்றிலும் முதலில் பூசிப் பாருங்கள். ஒரு தேய்ந்த வாஷரை மாற்றுவது எந்தப் பாதுகாப்புச் சாமானை வாங்குவதையும்விட மேல். நிறுத்தும்போது முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடம் விடுங்கள். ரிவர்ஸ் போடாமல் ஒரே திருப்பில் வெளியேற அது வேண்டும்.

கண்ணாடியைப் பெல்ட் காப்பாற்றாது. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட் (கடினமாக்கிய கண்ணாடி), ஒரு கூர்முனை பட்டால் பொலபொலவென்று உதிரும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, விரிசல் விட்டாலும் நிற்கும். பெல்ட் தருவது சில பத்து வினாடிகள்தான்.

பெல்ட்டோடு சேர்த்து விற்கும் சாமான்களைப் பற்றியும் கேட்கிறார்கள். "மயக்க வாயு அலாரம்" வேண்டாம். வெளியிலிருந்து ஈதரோ குளோரோஃபார்மோ ஊதி, உள்ளே தூங்குபவருக்குத் தெரியாமல் மயக்கிவிட முடியாது என்று பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸ் அமைப்பு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்குங்கள், ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ளதாக. ஹீட்டர் புகையோ பக்கத்தில் ஓடும் எஞ்சின் புகையோ உண்மையில் கொல்லும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இருக்காது. அந்தத் தரப்படி 300 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) வந்தால் 3 நிமிடத்துக்குள் அலாரம் கத்த வேண்டும். 

மிளகு ஸ்பிரேயைக் கேபினுக்குள் அடித்தால் மூடிய அறையில் அது அடித்தவர் கண்ணையும் சேர்த்தே எரிக்கும், பிறகு ஸ்டீயரிங் பிடிப்பது யார்? வெயிலில் நிற்கும் கேபின் 50 டிகிரியைத் தாண்டும், அந்த டப்பாக்களில் அதற்குமேல் வைக்கக் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். எல்லை தாண்டினால் சட்டமும் மாறும். டார்ச் நல்லது, ஆனால் கேபினுக்குள்ளிருந்து முன் கண்ணாடி வழியே அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணைத்தான் குருடாக்கும். கண்ணாடியில் லென்ஸை ஒட்டிப் பிடித்து அடித்தால் வெளியே தெரியும்.

ஒன்றில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பெல்ட் கட்டினால் பெல்ட் வெட்டும் கத்தி வேண்டும். சீட் பெல்ட் வெட்டவும் கண்ணாடி உடைக்கவும் சேர்ந்தாற்போல் வரும் சின்னக் கருவி. டேஷ்போர்டில் வைத்தால் பயனில்லை. தலைமாட்டில், கண்ணை மூடிக்கொண்டே கை போகும் இடத்தில் திருகி மாட்டுங்கள். கேபினில் தீ பிடித்தால் புகைக்குள் பக்கிளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. உள்ளே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் உதவிக்கு வருபவர்களும் இதே பெல்ட்டோடு போராட வேண்டியிருக்கும். உடல்நலம் சரியில்லாத இரவில் பெல்ட்டைக் கட்டாமல், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்திப் படுங்கள்.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு நான்கு. தளர்வு கொடுக்கும் துணி, ஸ்டீயரிங்கை மறிக்கும் ஓட்டம், சீட்டுகூடத் தைக்காத அலட்சியம், எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் தர முடியும். கதவு பெல்ட் என்ற பெயரில் விற்பதைத் திரும்ப வாங்கமாட்டேன். 25 மி.மீ. பாலியெஸ்டர் சரக்கு பெல்ட்டும் உலோகக் கேம் பக்கிளும் தனித்தனியாக வாங்கி, இரண்டு நுனியிலும் வளையம் தைத்துக்கொண்டால் போதும். அதுவரை இந்தப் பழையது இன்றிரவும் கதவில் இருக்கும். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன், மாட்டாமல் படுக்கமாட்டேன்.