சிகுர் ரோஸின் பெயரிடப்படாத பாடல்கள்

ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் வெளியிட்ட மூன்றாவது இசைத்தொகுப்புக்கு இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே தலைப்பு. எட்டுப் பாடல்களுக்கும் பெயர் அச்சிடப்படவில்லை. உடன்வரும் சிறு நூலின் பக்கங்களும் வெறுமையாகவே இருக்கின்றன.

தலைநகர் ரெய்க்யவிக்கை அடுத்துள்ள மொஸ்ஃபெல்ஸ்பேரில், பழைய நீச்சல்குளம் ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றி அவர்கள் பதிவுசெய்த இத்தொகுப்பில், குழுவின் பாடகர் யோன்சி மின்கிதாரின் தந்திகளைச் செல்லோ என்னும் பெரிய வயலின் வகைக் கருவியின் வில்லால் இழைத்து எழுப்பும் நெடிய நாதமும் அவருடைய மெல்லிய உச்சக்குரலும், எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதபடி கலந்துவிடுகின்றன. பொருள் சுட்டாத அசைகளிலேயே அனைத்தும் பாடப்படுவதால், ராக ஆலாபனையைக் கேட்பதுபோல் குரலின் போக்கை மட்டுமே பின்தொடர வேண்டியிருக்கிறது. அதுவே இதன் பேரழகு என்பேன்.

முதல் நான்கு பாடல்களில் ஒளி மிகுதி. அதன்பின் 36 வினாடி மௌனம். பிறகு துயரம் கனத்த இரண்டாம் பாதி. ஏழாம் பாடல் என் செவிக்குத் தேவைக்கு மேல் நீள்கிறது. ஆனால், தணிந்த கிதாருடன் தொடங்கி, மேளத்தின் அடி மெல்ல மெல்லப் பெருகி, ஏறத்தாழ 12 நிமிடங்களில் பெரும் கொந்தளிப்பாக வெடிக்கும் இறுதிப் பாடலுக்காகவே இத்தொகுப்பை வாங்கலாம். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் இதன் தாழ்ந்த ஒலிகள் மறைந்துவிடும் என்பதால், நல்ல தலையணி ஒலிப்பானில், வரிசை மாற்றாமல் முழுமையாகக் கேட்பதே தகும்.