ஏசி சென்சாரைச் சோதிக்க மல்டிமீட்டரா, ஸ்கேனரா?

கார் ஏசியை 24 டிகிரியில் வைத்தும் வேர்வையில் நனைந்தபடி பாம்பன் பாலத்தைக் கடக்க நேர்ந்த பிறகுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. நான் ஸ்கேனர் (வண்டியின் கணினியோடு இணைத்து, அது படிக்கும் எண்களைக் காட்டும் கருவி) பக்கம் சாய்ந்தேன்.

மல்டிமீட்டரின் சிறப்புகள் தெரிந்தவையே. விலை குறைவு, எல்லா வேலைக்கும் உதவும். கேபின் வெப்பநிலை சென்சார் பெரும்பாலும் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். கழற்றி அளந்து, சர்வீஸ் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் கழற்றும்போதே தொடங்கிவிடுகிறது. நான் பார்த்தவரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து வண்டிகளில் சென்சாருக்கு முன்பே கனெக்டர் கெட்டுவிடுகிறது. உப்புக்காற்றில் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கிறது. (முன் பம்பருக்குள் இருக்கும் வெளிக்காற்று சென்சாரின் நிலை இன்னும் மோசம்.) களிம்பும் மின்தடைதான். தெர்மிஸ்டரின் தடை டிகிரிக்குச் சுமார் 4 சதவீதம் மாறும். 2,000 ஓம் சென்சாரோடு களிம்பின் 200 ஓம் சேர்ந்தால், ஏசியின் கட்டுப்பாட்டுப் பெட்டி கேபினை உள்ளதைவிட இரண்டரை டிகிரி குளிர்ச்சியாக எண்ணிக்கொண்டு ஏசியைத் தளர்த்திவிடும். கனெக்டரை உருவும்போது களிம்பு கொஞ்சம் உரசிப்போகிறது; மீட்டரோ சென்சார் நன்றாக இருப்பதாகச் சொல்கிறது. திரும்ப மாட்டினால் ஏசி சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய கதைதான்.

ஸ்கேனர் எதையும் தொடாமல், அந்தப் பெட்டி நம்பிக்கொண்டிருக்கும் எண்ணையே காட்டுகிறது. வண்டியை நிழலில் நிறுத்தி, டேஷ்போர்டின் சென்சார் துளையருகே ஒரு தெர்மாமீட்டரை வைத்து, ஏசியை ஓடவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஒரே சீராக நின்றால் கனெக்டரையோ சென்சாரையோ சந்தேகிக்கலாம். மைனஸ் 40 போன்ற எண் வந்தால் வயர் அறுந்திருக்கும். தெர்மாமீட்டர் இறங்கிய பிறகும் ஸ்கேனர் எண் தயங்கித் தயங்கி இறங்கினால், துளைவழியே காற்றை இழுக்கும் குழாயோ குட்டி விசிறியோ அடைபட்டிருக்கலாம். கச்சான் காற்று மணலை அள்ளி வீசும்போது தனுஷ்கோடி சாலையில் போய்வருகிறவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. துளைமேல் வைத்த மெல்லிய டிஷ்யூ துண்டு ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்க்கலாம். கழற்றிய சென்சாரை அளக்கும் மீட்டருக்கு இந்த அடைப்பு தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை: மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் விவரங்களோடு நின்றுவிடும். உங்கள் வண்டியின் ஏசி பிரிவை அது திறக்குமா என்று கேட்டு வாங்குங்கள். அகச்சிவப்பு சென்சார் உள்ள உயர்ரக வண்டிகளில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை.

மீட்டர் இரண்டாவதாக வரட்டும். ஸ்கேனர் வித்தியாசம் காட்டினால் கனெக்டரைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிட்டு எண்ணைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் மாறாமல், மீட்டரும் அட்டவணையோடு ஒத்துவராவிட்டால் மட்டும் புது சென்சாருக்குக் காசு கொடுங்கள்.