ஒரே மூச்சில் படிப்பதா, விட்டு விட்டுப் படிப்பதா? சினாப்ஸ் பக்கம் நின்று ஒரு கணக்கு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் டி.என்.பி.எஸ்.சி. கூட்டம் அதிகம். அங்கே இரண்டு ரகம் உண்டு. ஒருவர் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவார்; அவர் புத்தகத்தில் மஞ்சள் கோட்டின் மேல் பச்சைக் கோடு ஏறியிருக்கும். இன்னொருவர் கொஞ்ச நேரம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவார், வெள்ளைத்தாளில் 'தென்னிந்திய நல உரிமைச் சங்கம், 1916' என்று எழுதிப் பார்ப்பார், அப்புறம் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். வீட்டில் பாராட்டு முதல் ஆளுக்குத்தான் கிடைக்கும். என் ஓட்டு இரண்டாமவருக்கு.

படிக்கும்போது மூளையில் மாறுவது முக்கியமாக சினாப்ஸ், அதாவது இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம். அனுப்பும் செல் குளூட்டமேட் என்ற தூது வேதிப்பொருளை வெளியிடும். அதை வாங்கும் பக்கத்தில் ஏற்பிகள் என்ற புரத வாசல்கள் உண்டு; அவற்றில் என்.எம்.டி.ஏ. என்ற வகையின் வாயை மெக்னீசியம் அடைத்துக்கொண்டு நிற்கும். குளூட்டமேட் வரும் அதே நேரத்தில் வாங்கும் செல்லும் நன்றாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் அந்த அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். அதன் விளைவாக ஆம்பா என்ற இன்னொரு வகை ஏற்பிகள் கூடுதலாக வந்து சேரும்; அடுத்த முறை அதே சமிக்ஞைக்கு எதிர்வினை பெரிதாக இருக்கும். இந்த வலுவேற்றம் மணிக்கணக்கில் நிற்பதை ப்ளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-ல் முயலின் ஹிப்போகாம்பஸில், அதாவது நினைவு உருவாக உதவும் மூளைப் பகுதியில், காட்டினார்கள்.

இதுவரை இரண்டு பேருக்கும் ஒரே கதைதான். வித்தியாசம் இடைவெளியில் வருகிறது. எலியின் ஹிப்போகாம்பஸ் துண்டுகளில் நடந்த ஒரு சோதனை 2012-ல் வெளிவந்தது. முதல் மின் தூண்டலுக்குப் பின் 10 நிமிடத்திலோ 30 நிமிடத்திலோ இரண்டாவதைக் கொடுத்தால் கூடுதல் பலன் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் வலுவேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பானது. முதல் சுற்றில் விட்டுப்போன சினாப்ஸ்கள் தயாராவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். அதற்காக அலாரம் வைத்து சரியாக அறுபதாவது நிமிடம் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அது எலித் துண்டின் கணக்கு.

நாள்கணக்கு இன்னும் முக்கியம். நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் கடல் முயல் என்னும் நத்தை இனத்தில் பார்த்தது இது: ஒரு தடவை அதிர்ச்சி கொடுத்தால் நினைவு சில நிமிடங்கள்தான் நிற்கும், இருக்கிற புரதங்களே அதற்குப் போதும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மரபணுக்கள் இயங்கி, புதுப் புரதம் உருவாகி, புது இணைப்புகளே முளைக்கும். 2000-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

சரி, திரும்ப வாசிப்பதா, மூடிவைத்து நினைவுகூர்வதா? ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை சினாப்ஸை அளந்ததல்ல, மாணவர்களை அளந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: 42-க்கு 56. கோடு போட்டுப் படிப்பவர் ஏமாறுவது அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான். எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும்.

ராக்கோழிகளுக்கு ஒரு தகவல். சுழலும் கம்பியில் ஓடப் பழகிய சுண்டெலிகளுக்கு, பழகியபின் தூங்கியபோது நரம்புக் கிளைகளில் புது முட்கள், அதாவது சினாப்ஸ் அமையும் சிறு புடைப்புகள், அதிகம் முளைத்தன. தூங்க விடாமல் தடுத்தவற்றில் குறைவு. கூடுதலாகப் பயிற்சி கொடுத்தும் அந்தக் குறை ஈடாகவில்லை. இது 2014 ஆய்வு. விடிய விடிய நடக்கும் குரூப் ஸ்டடிக்கு நான் மார்க் போடாததற்கு இதுவே காரணம்.

ஒரே மூச்சுப் படிப்பு ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. பரீட்சை இன்று காலை பத்து மணிக்கு, ஒரு பாடத்தைத் தொடவே இல்லை என்றால், ஹால் வாசலில் நின்று வாசிப்பதுதான் சரி. அடுத்த வாரம் அது நினைவில் இருக்குமா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.